தொழிலகக் கட்டுப்பாட்டு மென்பொருளில் அலாரக் கண்காணிப்பை அமைத்தல்

தொழிலகக் கட்டுப்பாட்டு மென்பொருளில் அலாரம் என்பது இரண்டு செய்திகளை ஒன்றாகத் தரும் அறிவிப்பு ஆகும். இயந்திரத்திலோ செயல்முறையிலோ வழக்கத்துக்கு மாறான நிலை ஏற்பட்டுள்ளது என்பது முதல் செய்தி. அதற்காக ஆபரேட்டர் குறித்த நேரத்துக்குள் ஒரு செயலைச் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது செய்தி. எவற்றுக்கு அலாரம் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது, வரம்பு குறிப்பது, முன்னுரிமை தருவது, திரையில் காட்டுவது, பதிவுசெய்வது, பிறகு அந்தப் பதிவை ஆராய்ந்து திருத்துவது ஆகிய எல்லாம் சேர்ந்ததே அலாரக் கண்காணிப்பு.

கணினி வருவதற்கு முன் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் விளக்குப் பலகைகள் இருந்தன. ஒவ்வோர் அலாரத்துக்கும் தனி விளக்கும் தனிக் கம்பி இணைப்பும் தேவைப்பட்டன. ஓர் அலாரத்தைச் சேர்ப்பது செலவு பிடித்த வேலை என்பதால், அது தேவைதானா என்று யோசித்தே சேர்த்தார்கள். இன்று ஸ்காடா மென்பொருளில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும், அலாரம் உருவாகிவிடும். இந்த எளிமையே இத்துறையின் முதன்மைச் சிக்கலாகவும் மாறியுள்ளது. எல்லாவற்றுக்கும் அலாரம் வைத்தால், முக்கியமான ஒன்று ஒலிக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அலாரம் எது, தகவல் எது

ஒரு நிலையை அலாரமாக அமைக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த நிலை வந்தால் ஆபரேட்டர் செய்ய வேண்டிய செயல் என்ன? செய்யாவிட்டால் என்ன நேரும்? அதைச் செய்ய எவ்வளவு நேரம் இருக்கிறது? இவற்றில் ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால் அது அலாரம் அன்று.

‘பம்பு ஓடத் தொடங்கியது’ என்பது ஒரு நிகழ்வு. அதைப் பதிவேட்டில் எழுதினால் போதும். ‘அடுத்த வாரம் வடிகட்டியை மாற்ற வேண்டும்’ என்பது பராமரிப்புக் குறிப்பு. அது பராமரிப்புப் பிரிவின் பட்டியலுக்குச் செல்ல வேண்டும். ‘குளிர்விக்கும் நீர் நின்றுவிட்டது, மாற்றுப் பம்பை இயக்கவும்’ என்பது அலாரம். மூன்றையும் ஒரே திரையில் ஒரே நிறத்தில் காட்டும் அமைப்பு, மூன்றாவதை மறைத்துவிடுகிறது.

செம்பரம்பாக்கம் ஏரி காட்டும் பாடம்

சென்னையின் மேற்குப் புறநகரில், வானகரம், பூந்தமல்லி வழியாகப் பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைக்கு அருகில் செம்பரம்பாக்கம் ஏரி உள்ளது. இதன் முழு நீர்மட்டம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி நிரம்பி வரும் மழைக்காலத்தில் 22 அடி என்ற அளவு செய்திகளில் அடிக்கடி இடம்பெறும். நிவர் புயலின்போது, 2020 நவம்பர் 25 அன்று, நீர்மட்டம் 22 அடியை எட்டியதும் முதலில் விநாடிக்கு 1,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரையோரம் உள்ள குன்றத்தூர், திருநீர்மலை உள்ளிட்ட பகுதிகளின் மக்களுக்கு முன்னதாகவே எச்சரிக்கை தரப்பட்டது.

ஏரி நிரம்புவது 24 அடியில். நடவடிக்கை தொடங்கியது 22 அடியில். இடையிலுள்ள 2 அடி என்பது உண்மையில் நேரம். மதகைத் திறக்கவும், கரையோர மக்கள் மேடான இடத்துக்குச் செல்லவும் அந்த நேரம் வேண்டும். மழை கடுமையாகி நீர்வரத்து கூடினால் அதே 2 அடி தரும் நேரம் குறைந்துபோகும். 2015 டிசம்பர் 1 அன்று ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அடையாற்றங்கரைப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின.

தொழிலக அலாரமும் இதே அடிப்படையில் அமைவதுதான். அலார வரம்புக்கும் ஆபத்து எல்லைக்கும் இடையிலுள்ள தூரம், செயலாற்றத் தேவையான நேரத்தைத் தருகிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

சமிக்ஞை வரும் பாதை

சென்சார் வெப்பநிலை, அழுத்தம், நீர்மட்டம் போன்றவற்றை அளக்கிறது. டிரான்ஸ்மிட்டர் அந்த அளவை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக மாற்றி அனுப்புகிறது. பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி அதைப் படித்து எண்ணாக மாற்றுகிறது. ஸ்காடா மென்பொருளில் அந்த எண்ணுக்கு ‘டேக்’ என்று பெயர். டேக்கின் மதிப்பு வரம்பைக் கடந்ததும் அலாரம் பிறந்து, திரைக்கும் ஒலிப்பானுக்கும் பதிவேட்டுக்கும் செல்கிறது.

சமிக்ஞை சுழியத்தில் தொடங்காமல் 4 மில்லிஆம்பியரில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மிகக் குறைந்த அளவுக்கே 4 மில்லிஆம்பியர் வரும் என்பதால், கம்பி அறுந்து மின்னோட்டம் சுழியமானால் அது அளவு அன்று, பழுது என்று உடனே தெரிந்துவிடும். பொதுவாக 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழேயும் 21 மில்லிஆம்பியருக்கு மேலேயும் வரும் சமிக்ஞை கருவிப் பழுதாகக் கொள்ளப்படுகிறது. இதற்குத் தனி அலாரம் வேண்டும். இல்லையென்றால் கம்பி அறுந்த வெப்பமானி ‘மிகக் குளிர்ச்சி’ என்று காட்டும். ஆபரேட்டரும் எல்லாம் சரியாக உள்ளது என்று நம்பிவிடுவார். பி.எல்.சி.க்கும் ஸ்காடாவுக்கும் இடையிலான தொடர்பு அறுந்தாலும் இதே நிலைதான். திரையில் கடைசியாக வந்த எண் அப்படியே நின்றுவிடும் என்பதால், தொடர்பு அறுந்ததற்கும் அலாரம் இருக்க வேண்டும்.

அலாரத்தைப் பி.எல்.சி.யிலேயே உருவாக்குவது பொதுவாக நல்லது. ஸ்காடா கணினி நின்றுபோனாலும் ஆலைத் தளத்திலுள்ள ஹூட்டர் ஒலிக்கும்.

அலார வகைகள்

பெரும்பாலான மென்பொருள்களில் பின்வரும் வகைகள் கிடைக்கின்றன.

• வரம்பு அலாரம்: மிக உயர்வு, உயர்வு, தாழ்வு, மிகத் தாழ்வு என நான்கு நிலைகள்.
• விலகல் அலாரம்: வைக்க நினைத்த அளவுக்கும் உண்மையான அளவுக்கும் இடையே வேறுபாடு கூடும்போது வருவது.
• மாறும் வேக அலாரம்: அளவு வரம்புக்குள் இருந்தாலும் மிக விரைவாக ஏறினால் அல்லது இறங்கினால் வருவது.
• இருநிலை அலாரம்: மோட்டார் டிரிப் ஆனது, கதவு திறந்தது போன்றவை.
• பழுது அலாரம்: சென்சார், கம்பி, தொடர்பு ஆகியவற்றின் பழுது.

நான்கு வரம்புகளையும் எல்லா டேக்குகளுக்கும் நிரப்ப வேண்டியதில்லை. ‘உயர்வு’ வந்தபோது செய்யும் செயலும் ‘மிக உயர்வு’ வந்தபோது செய்யும் செயலும் ஒன்றே என்றால் இரண்டில் ஒன்று வீண்.

வரம்பைக் கணக்கிடுதல்: ஓர் எடுத்துக்காட்டு

வானகரத்திலிருந்து அம்பத்தூர் செல்லும் சாலை வழியே எளிதில் எட்டக்கூடிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1960களில் தொடங்கப்பட்டது. வாகன உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு ஆலைகள் நிறைந்த பகுதி இது. இத்தகைய பாகங்களுக்குக் கடினத்தன்மை தர, உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்துவார்கள். எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் பாகத்தின் தரமும் கெடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு தொட்டிக்கு அலாரம் அமைப்பதாகக் கொள்வோம். கீழுள்ள எண்கள் கணக்கை விளக்குவதற்கானவை மட்டுமே. உண்மையான ஆலையில் எண்ணெய் உற்பத்தியாளர் தரும் அளவுகளையும் நேரில் அளந்த வேகத்தையுமே பயன்படுத்த வேண்டும்.

எண்ணெய் வழக்கமாக 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறது. தாண்டக்கூடாத எல்லை 90 டிகிரி. குளிர்விக்கும் பம்பு நின்றால் வெப்பம் நிமிடத்துக்கு 1.5 டிகிரி ஏறுகிறது. அலாரத்தைக் கவனிக்க 1 நிமிடம், தொட்டிக்கு நடந்து செல்ல 2 நிமிடம், மாற்றுப் பம்பை இயக்க 3 நிமிடம், குளிர்ச்சி பலன் தர 2 நிமிடம் என மொத்தம் 8 நிமிடம் ஆகிறது. அந்த 8 நிமிடத்தில் வெப்பம் 12 டிகிரி ஏறும். எனவே அலாரம் 78 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. கருவிப் பிழைக்கும் தாமதத்துக்கும் 3 டிகிரி ஒதுக்கினால் வரம்பு 75 டிகிரி.

இப்போது மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். வழக்கமான உச்சம் 65 டிகிரி என்பதால், 75இல் வைத்த அலாரம் வீணாக ஒலிக்காது. கணக்கிட்ட வரம்பு 64 என்று வந்திருந்தால், அது தினமும் ஒலிக்கும். அப்போது எண்ணை மாற்றிப் பயனில்லை. பம்பைத் தானாக மாற்றும் ஏற்பாடு போன்ற வேறு வழி தேட வேண்டும். மனிதருக்கு நேரம் இல்லாத இடத்தில் அலாரம் பாதுகாப்பு ஆகாது.

அதே காரணத்தால் 85 டிகிரியில், உலையிலிருந்து அடுத்த தொகுதி தொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும் இன்டர்லாக் இருப்பது நல்லது. அது அலாரத்தையோ ஆபரேட்டரையோ நம்பாமல், முடிந்தால் தனிச் சென்சாருடன் இயங்க வேண்டும். ஒரே சென்சார் பழுதானால் அலாரமும் இன்டர்லாக்கும் சேர்ந்தே குருடாகிவிடும்.

டெட்பேண்டும் தாமதமும்

அளவு 75 டிகிரிக்குச் சற்று மேலும் கீழுமாக ஊசலாடினால் அலாரம் வந்து வந்து போகும். இதைத் தடுக்க டெட்பேண்ட் என்ற இடைவெளி தரப்படுகிறது. 2 டிகிரி டெட்பேண்ட் வைத்தால், 75இல் வந்த அலாரம் 73க்குக் கீழே இறங்கிய பிறகே நீங்கும்.

தாமதம் என்பது, வரம்பைக் கடந்த நிலை குறிப்பிட்ட நேரம் நீடித்தால் மட்டுமே அலாரம் தருவது. தொடக்க மதிப்புகளாக அளவீட்டு வீச்சில் நீர்மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் 5 விழுக்காடு, அழுத்தத்துக்கு 2, வெப்பத்துக்கு 1 விழுக்காடு டெட்பேண்ட் பரிந்துரைக்கப்படுகிறது. தாமதம் ஓட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் 15 விநாடி, நீர்மட்டத்துக்கும் வெப்பத்துக்கும் 60 விநாடி. இவை தொடக்கத்துக்கு மட்டுமே. மேற்கண்ட தொட்டியில் நேரம் குறைவு என்பதால் 20 விநாடி போதும். அந்த 20 விநாடியில் ஏறும் அரை டிகிரி, ஒதுக்கிவைத்த 3 டிகிரிக்குள் அடங்கிவிடும்.

முன்னுரிமை

முன்னுரிமையை இரண்டு அடிப்படைகளில் முடிவு செய்ய வேண்டும்: கவனிக்காவிட்டால் வரும் விளைவின் கடுமை, செயலாற்றக் கிடைக்கும் நேரம். விளைவு கடுமையாகவும் நேரம் குறைவாகவும் இருந்தால் உயர் முன்னுரிமை. தரம் சற்றுக் குறையும், ஒரு மணி நேரம் இருக்கிறது என்றால் தாழ் முன்னுரிமை.

மொத்த அலாரங்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு தாழ்வு, 15 விழுக்காடு நடுத்தரம், 5 விழுக்காடு உயர்வு என்ற பங்கீடு வழிகாட்டியாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு பிரிவும் தன் இயந்திரமே முக்கியம் என்று கேட்கும்போது இந்தப் பங்கீடு கைகொடுக்கும். நிறத்தோடு வடிவமும் ஒலியும் வேறுபட வேண்டும். நிறங்களைப் பிரித்தறிய முடியாத ஆபரேட்டர்களும் இருப்பார்கள். சிவப்பு, மஞ்சள் போன்ற அலார நிறங்களைத் திரையில் வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது.

அலாரச் செய்தியை எழுதுதல்

‘டி.டி. 104 உயர்வு’ என்ற செய்தி, அமைத்த பொறியாளருக்கு மட்டுமே புரியும். இரவு ஷிப்டில் தனியாக இருப்பவருக்கு இடம், கருவி, நிலை, செயல் ஆகிய நான்கும் தெரிய வேண்டும். ‘2ஆம் எண்ணெய்த் தொட்டி: வெப்பம் உயர்வு. குளிர்விக்கும் பம்பைப் பார்க்கவும். நின்றிருந்தால் மாற்றுப் பம்பை இயக்கவும்’ என்பது நல்ல செய்தி. யூனிகோடு ஏற்கும் மென்பொருள்களில் இதைத் தமிழிலேயே எழுதலாம். ஆபரேட்டர் எந்த மொழியில் விரைவாகப் படிப்பாரோ அந்த மொழியே சரியான மொழி.

ஒப்புகையும் ஒத்திவைப்பும்

ஓர் அலாரத்துக்கு நான்கு நிலைகள் உண்டு. புதிதாக வந்தபோது அது மின்னும், ஒலிக்கும். ஆபரேட்டர் ‘பார்த்துவிட்டேன்’ என்று ஒப்புகை தந்ததும் ஒலி நிற்கும். நிலை சரியாகும்வரை விளக்கு நிலையாக எரியும். ஒப்புகை தருவதற்குள் நிலை தானே சரியாகிவிட்டால், வந்து போனது என்ற குறிப்பு திரையில் நிற்கும். ஒப்புகையும் கிடைத்து நிலையும் சரியானால் அலாரம் பட்டியலிலிருந்து நீங்கும். ஒப்புகை என்பது பழுது தீர்ந்ததற்கு அடையாளம் அன்று. எல்லா அலாரங்களையும் ஒரே சொடுக்கில் ஒப்புக்கொள்ளும் பொத்தான் இருந்தால், படிக்காமலே அழுத்தும் பழக்கம் வந்துவிடும். எனவே அதைத் தராமல் இருப்பது நல்லது.

சென்சார் பழுதாகி அலாரம் ஓயாமல் தொல்லை தரும்போது, அதைத் தற்காலிகமாக ஒத்திவைக்க வேண்டியிருக்கும். இதை ஷெல்விங் என்பர். யார், எதற்காக, எவ்வளவு நேரத்துக்கு ஒத்திவைத்தார் என்பது பதிவாக வேண்டும்; நேரம் முடிந்ததும் அலாரம் தானே திரும்ப வேண்டும். ஒத்திவைத்த அலாரங்களின் பட்டியல் ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் சொல்லப்பட வேண்டும். ஹூட்டர் கம்பியைக் கழற்றிவிடுவதும், வரம்பை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுவதும் ஒத்திவைப்பு அல்ல. அவை யாருக்கும் தெரியாமல் பாதுகாப்பை நீக்குவது.

பொருளிழந்த அலாரங்கள்: இரு நிகழ்வுகள்

1984 டிசம்பர் 2 இரவு தொடங்கி 3ஆம் நாள் அதிகாலை வரை போபாலில் மீத்தைல் ஐசோசயனேட்டு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அந்தத் திரவத்தைக் குளிர்ச்சியாக வைக்கும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. உயர் வெப்ப அலாரத்தின் வரம்பு 11 டிகிரி. குளிர்விப்பு நின்றதால் தொட்டியின் வெப்பம் எப்போதும் அதற்கு மேலேயே இருந்தது. அதனால் உண்மையில் வெப்பம் ஏறத் தொடங்கியபோது தனித்துக் காட்ட அலாரம் என ஒன்று இல்லாமல் போயிற்று. விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் செயல்முறையை மாற்றும்போது அலாரத்தையும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற பாடம் இதில் தெளிவாக உள்ளது.

இரண்டாவது நிகழ்வு அலாரம் அளவுக்கு மீறியதால் வந்தது. 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், மில்ஃபோர்டு ஹேவனிலுள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு ஏற்பட்டு 26 பேர் காயமடைந்தனர். வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் மட்டும் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரங்கள் வந்தன. அதாவது ஏறத்தாழ இரண்டரை விநாடிக்கு ஒன்று. அங்கிருந்த அலாரங்களில் மிகப் பெரும்பாலானவை உயர் முன்னுரிமை கொண்டவையாகவே அமைக்கப்பட்டிருந்தன. தொட்டியொன்று நிரம்பி வழிவதைச் சொன்ன அலாரமும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகிப்போனது.

இந்த விபத்தின் ஆய்வுக்குப் பிறகு 1999இல் ஈ.இ.எம்.யூ.ஏ. 191 என்ற வழிகாட்டி வெளிவந்தது. 2009இல் ஐ.எஸ்.ஏ. 18.2, 2014இல் ஐ.இ.சி. 62682 ஆகிய தரநிலைகள் வந்தன. இவற்றின்படி ஓர் ஆபரேட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 அலாரங்கள், அதாவது 10 நிமிடத்துக்கு ஒன்று என்பது ஏற்கத்தக்க அளவு. 300 என்பது சமாளிக்கக்கூடிய உச்சம். 10 நிமிடத்தில் 10க்கு மேல் வந்தால் அது அலாரப் பெருக்கு.

பெருக்கைக் குறைக்க, ஒரே காரணத்தால் வரும் தொடர் அலாரங்களை மென்பொருளிலேயே அடக்கலாம். பம்பு நின்றால் ஓட்டக் குறைவு, அழுத்தக் குறைவு ஆகியவையும் உடன் வரும். பம்பு ஓடாதபோது அவ்விரண்டும் ஒலிக்கத் தேவையில்லை. ‘பம்பு நின்றது’ என்ற ஒன்று போதும்.

சோதனையும் பராமரிப்பும்

அமைத்த அலாரத்தைச் சோதிக்காமல் ஒப்படைக்கக் கூடாது. மேற்கண்ட தொட்டியின் டிரான்ஸ்மிட்டர் வீச்சு 0 முதல் 150 டிகிரி வரை என்றால், 75 டிகிரிக்கு உரிய மின்னோட்டம் 12 மில்லிஆம்பியர். சென்சார் முனையில் அளவுக் கருவியால் 12 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல் செலுத்தினால், 20 விநாடியில் அலாரம் வர வேண்டும். 73 டிகிரிக்கு உரிய 11.79 மில்லிஆம்பியருக்குக் கீழே இறக்கினால் நிலை சரியானதாகக் காட்ட வேண்டும். கம்பியைக் கழற்றினால் பழுது அலாரம் வர வேண்டும். ஹூட்டரின் ஒலி, உலைச் சத்தத்துக்கு நடுவே ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் கேட்கிறதா என்பதையும் அங்கேயே நின்று பார்க்க வேண்டும்.

கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இருந்தால், முதல் நபர் குறித்த நேரத்துக்குள் ஒப்புகை தராதபோது அடுத்தவருக்குச் செல்லும்படி அமைக்க வேண்டும். குறுஞ்செய்தி தாமதமாகலாம் என்பதால், நிமிடக் கணக்கில் செயல்பட வேண்டிய அலாரத்துக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் எது முதலில் நடந்தது என்று பின்னர் பதிவேட்டிலிருந்து அறிய முடியாது.

மாதம் ஒருமுறை பதிவேட்டை எடுத்து, அதிகம் ஒலித்த 10 அலாரங்களைப் பட்டியலிடுவது பயனுள்ள பழக்கம். பல ஆலைகளில் மொத்த அலாரங்களின் பெரும்பகுதி இத்தகைய சிலவற்றிலிருந்தே வரும். தளர்ந்த கம்பி, தவறான வரம்பு, டெட்பேண்ட் இல்லாமை என ஒவ்வொன்றின் காரணத்தையும் நீக்கினால் கட்டுப்பாட்டு அறை அமைதியாகும். 24 மணி நேரத்துக்கு மேல் நீங்காமல் நிற்கும் அலாரங்களையும் இதேபோல் பார்க்க வேண்டும். வரம்பை மாற்றினால் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம், மாற்றியவர், ஒப்புதல் தந்தவர் ஆகிய ஐந்தும் எழுதப்பட வேண்டும்.

சிறிய ஆலைக்கு இவை பெரிய செலவு வைப்பவை அல்ல. ஒவ்வோர் அலாரத்துக்கும் காரணம், விளைவு, செயல், கிடைக்கும் நேரம், வரம்பு, முன்னுரிமை ஆகியவற்றை ஒரு வரிசையில் எழுதிய அட்டவணை போதும். மென்பொருளைத் திறக்கும் முன்பே, அந்த இயந்திரத்தை இயக்குபவரை அருகில் வைத்துக்கொண்டு அந்த அட்டவணையை நிரப்ப வேண்டும். அலாரம் ஒலிக்கும்போது எழுந்து போகப்போவது அவர்தான். ‘செயல்’ என்ற கட்டத்தில் அவரால் எதுவும் சொல்ல முடியாத வரிசைகளை அடித்துவிட்டு, மீதமுள்ளவற்றை மட்டும் மென்பொருளில் ஏற்றினால் போதுமானது.